சிவப்புப் பொத்தானின் உயரம்

அவருடைய சட்டைகள் எல்லாவற்றிலும் மேலிருந்து மூன்றாவது பொத்தான் சிவப்பாக இருக்கும். வெள்ளைச் சட்டையானாலும் சரி, கட்டம் போட்டதானாலும் சரி, மற்ற பொத்தான்கள் அதது பாட்டுக்கு இருக்க, மூன்றாவது மட்டும் முறைத்துக்கொண்டு நிற்கும். புதிதாகப் பார்ப்பவர்கள், பொத்தான் அறுந்து கைக்குக் கிடைத்ததைத் தைத்துக்கொண்டு வந்திருக்கிறார், பாவம், வீட்டில் கவனிக்க ஆளில்லை போலிருக்கிறது என்று நினைத்துக்கொள்வார்கள். உண்மை நேர்மாறு. அவ்வளவு கவனமாகத் தைக்கப்பட்ட பொத்தான் அந்த நகரத்தில் வேறு எவர் சட்டையிலும் கிடையாது.

நகர அலுவலகத்தின் பூங்காப் பிரிவில் மரம் அளப்பவர் அவர். இருபத்தேழு வருட வேலை. மரத்தின் பருமனை நினைத்த இடத்தில் நாடாவைச் சுற்றி அளந்துவிட முடியாது. அடியில் பருத்திருக்கும், மேலே போகப்போக மெலியும். ஆகவே தரையிலிருந்து நூற்று முப்பது சென்டிமீட்டர் உயரத்தில், அதாவது ஓர் ஆளின் நெஞ்சு உயரத்தில், அளக்க வேண்டும் என்பது விதி. அந்த உயரத்தைக் காட்ட அலுவலகத்தில் ஒரு கோல் கொடுப்பார்கள். அதை அவர் பேருந்தில் ஒரு தடவை, டீக்கடையில் இரண்டு தடவை தொலைத்தார். நாலாவது தடவை எங்கே தொலைத்தார் என்பதையே தொலைத்துவிட்டு, அசடு வழிந்துகொண்டு வீட்டுக்கு வந்தார்.

மனைவி அவரைச் சுவரோரம் நிற்க வைத்தாள். அலுவலகச் செருப்போடு, நிமிர்ந்து, வயிற்றை எக்காமல். தரையிலிருந்து நாடாவை மேலே இழுத்துப் பார்த்தாள். நூற்று முப்பது என்ற கோடு கிட்டத்தட்ட மூன்றாவது பொத்தானில் வந்து நின்றது. ஓர் அரை விரல் வித்தியாசம். அன்று சாயங்காலமே அந்தப் பொத்தானைப் பிரித்து, அரை விரல் ஏற்றி, சிவப்புப் பொத்தானாக வைத்துத் தைத்தாள்.

"கோலைத்தான் தொலைப்பீங்க. நெஞ்சை எங்க கொண்டுபோய்த் தொலைப்பீங்க?" என்றாள்.

அதற்குப் பிறகு எத்தனை சட்டை வந்தாலும் முதலில் சுவரோரம், அப்புறம்தான் அலமாரி. அலுவலகத்தில் அவருக்குப் பெயரே பொத்தான் என்று ஆகிவிட்டது. "பொத்தானைக் கூப்பிடுப்பா" என்று அதிகாரிகளே சொல்வார்கள். அவருக்கும் அதில் பெருமைதான். மரத்தின் முன் போய் நிமிர்ந்து நிற்பார், பொத்தான் எங்கே இருக்கிறதோ அங்கே நாடாவைச் சுற்றுவார், எண்ணைச் சொல்வார். அவர் சொன்ன எண்ணை யாரும் இரண்டாம் முறை அளந்து பார்த்ததில்லை. அந்த அளவுக்கு நம்பிக்கை. அதுதான் கடைசியில் அவர் தலையில் விடிந்தது.

அது வரைக்கும் அவர் அளந்தவை எல்லாம் சாலையோர மரங்களும் பூங்கா மரங்களும்தான். ஒரு வருடம், நகர சபை புதிய விதி ஒன்றைக் கொண்டுவந்தது. தனியார் மனையில் இருக்கும் மரமானாலும், நெஞ்சு உயரத்தில் சுற்றளவு நூற்றைம்பது சென்டிமீட்டரைத் தாண்டினால் அதற்குத் தகரத்தில் ஒரு நம்பர் அடிக்கப்படும். நம்பர் விழுந்த மரத்தை, சொந்தக்காரனே ஆனாலும், அனுமதியில்லாமல் தொடக்கூடாது. நூற்றைம்பதுக்குக் கீழே என்றால் அவரவர் இஷ்டம். இதற்காகத் தெருத் தெருவாக, வீடு வீடாகக் கணக்கெடுப்பு.

ஊரே இரண்டாகப் பிரிந்து வாயடித்தது. வேடிக்கை என்னவென்றால், அளக்கப் போகிற நம்முடைய பொத்தானுக்கே அந்த விதியில் நம்பிக்கை இல்லை.

"சொந்த மரத்தை எவனாவது சும்மா வெட்டுவானா? தண்ணி ஊத்தி வளர்த்தவனுக்கு இல்லாத அக்கறை சட்டத்துக்கு வந்துடப் போகுதா? வெட்டணும்னு நினைக்கிறவன் சட்டம் இருந்தாலும் வெட்டுவான். வெட்டாதவனுக்குச் சட்டம் எதுக்கு?" என்று தேநீர் நேரத்தில் பிரசங்கம் செய்வார். வீட்டிலும் அதையே செய்தார்.

மனைவி அவரைப் பின்கட்டுக்கு அழைத்துப்போனாள். அங்கே படியில் இடுப்பு உயரத்துக்கு ஒரு மரக்கதவு இருந்தது, கொக்கியோடு.

"இது எதுக்குப் போட்டிருக்கேன்? பிள்ளைங்க கெட்டதுங்கன்னா? நான் திரும்பிப் பார்க்கிற ஒரு நிமிஷத்துல விழுந்துடக் கூடாதுன்னு. நல்லவனுக்கும் ஒரு நிமிஷம் புத்தி பிசகும். அந்த ஒரு நிமிஷத்துக்குத்தான் சட்டம்."

"என்ன இருந்தாலும்..." என்று அவர் இழுத்தார்.

அந்தப் பின்கட்டுதான் அவளுடைய உலகம். வேலைக்குப் போகிறவர்களின் பிள்ளைகள் ஒன்பது பேரைக் காலையிலிருந்து மாலைவரை அங்கே பார்த்துக்கொள்வாள். எல்லாம் மூன்று வயதுக்கு உட்பட்டதுகள். படித்துப் பட்டம் வாங்காவிட்டாலும் தெருவில் எல்லோருக்கும் அவள் டீச்சரம்மா. அறைக்கு மேலே தகரக் கூரை. வெயில் நேரத்தில் தகரக் கூரையின் கீழே ஒன்பது பிள்ளைகள் தூங்க முடியுமா? முடிந்தது. காரணம், மதில் சுவருக்கு அந்தப் பக்கம் நின்ற ஒரு தூங்குமூஞ்சி மரம். அதன் பாதிக் கிளைக்கு மேல் சுவரைத் தாண்டி வந்து அந்தக் கூரையைக் குடை பிடித்திருந்தது. பிள்ளைகளும் தூங்குமூஞ்சிகள், மரமும் தூங்குமூஞ்சி, நல்ல ஜோடி என்று அவள் சிரிப்பாள்.

முன்பு ஒரு வருடம் மின்சாரக் கம்பிக்காக அதன் ஒரு கிளையைக் கழித்தார்கள். ஒரே ஒரு கிளை. அடுத்த இரண்டு மாதமும் பிள்ளைகளுக்கு உடம்பெல்லாம் வேர்க்குரு. இரண்டு வீட்டார் பிள்ளைகளை வேறு இடத்துக்கு மாற்றிக்கொண்டு போனார்கள். கிளை மறுபடி தழைத்த பிறகுதான் அவளுக்கு மூச்சு வந்தது. மரம் போனால் பின்கட்டு போகும் என்பதை அவளுக்கு யாரும் சொல்லித் தர வேண்டியதில்லை.

மரம் நின்ற இடம் அவள் தம்பியுடையது. அப்பாவின் மனையைப் பிரித்தபோது வீடு இருந்த பாதி அவளுக்கும், காலி இடம் தம்பிக்குமாக வந்தது. இரண்டடி தள்ளி நின்றிருந்தால் மரம் அக்கா பங்கில் விழுந்திருக்கும். அப்போது யாருக்கும் அது பெரிய விஷயமாகத் தெரியவில்லை. தெரிவதற்கு அவன் என்ன அந்நியனா? அம்மா அப்பா போன பிறகு ஆறு வருடம் இந்த வீட்டில் வளர்ந்தவன். அவனுக்கு சைக்கிள் ஓட்டக் கற்றுக்கொடுத்தது அத்தான். முதல் வேலைக்கு நேர்காணலுக்குப் போனபோது வெளியே வெயிலில் மூன்று மணி நேரம் காத்து நின்றது அத்தான். பெண் பார்க்கப் போனபோது முன்னால் உட்கார்ந்து பேசியதும் அத்தான்தான். தனக்கென்று பிள்ளை இல்லாத அந்த மனிதர், மச்சினனை மகனாகத்தான் வைத்திருந்தார். அவன் இப்போது நகரத்தின் வேறொரு மூலையில் குடியிருந்தாலும் ஞாயிற்றுக்கிழமை மதியச் சாப்பாடு அக்கா வீட்டில்தான். வாயைத் திறந்தால் தேன். "அத்தான் அத்தான்" என்று அவன் கூப்பிடுகிற அழகுக்கே இன்னொரு கரண்டி சோறு விழும்.

கோடை முடிந்த பிறகு அப்படி ஒரு ஞாயிற்றுக்கிழமைதான், கை கழுவிவிட்டு வந்த பொத்தான் தன் தொழில் ரகசியத்தை எடுத்துவிட ஆரம்பித்தார். மச்சினன்தான் கிளறிவிட்டான்.

"அத்தான், ஒரு சந்தேகம். ஒரே அடிமரம், கொஞ்சம் மேல போய் ரெண்டா கவட்டை பிரியுதுன்னு வைங்க. அதை ஒரு மரம்னு அளப்பீங்களா, ரெண்டுன்னு அளப்பீங்களா?"

நல்ல கேள்வி கேட்கிற மாணவன் கிடைத்தால் எந்த வாத்தியாருக்குத்தான் வாய் ஊறாது? எழுந்து நின்று, இரண்டு விரலைக் கவட்டையாகப் பிரித்துத் தன் நெஞ்சில் வைத்துக் காட்டினார்.

"இதோ பாரு மாப்ளே. கவட்டை என் பொத்தானுக்கு மேல இருந்தா அது ஒரே மரம். அடிமரத்தை அளக்கணும். கவட்டை பொத்தானுக்குக் கீழ இருந்தா அது ரெண்டு மரம். ஒவ்வொரு தண்டையும் தனித்தனியா அளக்கணும்."

"அப்போ தண்டு ரெண்டும் ஒல்லியா இருந்தா நம்பர் வராது?"

"வராது."

"தரைன்னா எந்தத் தரை அத்தான்? மேடு பள்ளமா இருந்தா?"

"பழைய தரை. புதுசா மண்ணைக் கொட்டியிருந்தா அதைச் சுரண்டி எடுத்துட்டுப் பழைய தரையில நின்னுதான் அளக்கணும். என் பையில அதுக்குன்னே ஒரு சின்னக் கரண்டி இருக்கு. ஆனா யாரு சுரண்டறது? ஆயிரக்கணக்குல மரம். ஒவ்வொண்ணுக்கும் சுரண்டிக்கிட்டு இருந்தா நான் ஓய்வு பெற்ற அப்புறமும் அளந்துக்கிட்டே இருக்கணும்."

எல்லோரும் சிரித்தார்கள். மனைவி மட்டும் தட்டை எடுத்துக்கொண்டே சொன்னாள்: "நம்ம மரத்துக்கு முதல்ல நம்பரைப் போடுங்க."

"அக்காவுக்கு என்மேல நம்பிக்கை இல்லை" என்று தம்பி செல்லமாக முகத்தைத் தொங்கப்போட்டான்.

"உன்மேல இருக்குடா. நாளைக்கு உனக்கு என்ன கஷ்டம் வருமோ, அதுமேலதான் நம்பிக்கை இல்லை" என்றாள் அவள்.

அவர்கள் தெருவுக்குக் கணக்கெடுப்பு வர இரண்டு மாதம் ஆனது. அளப்பவரின் உறவினர் மனையை வேறோர் அளப்பாளர்தான் அளக்க வேண்டும் என்று சுற்றறிக்கையே இருந்தது. அந்த வேறோர் அளப்பாளர் காய்ச்சலில் படுத்திருந்தார். இரண்டு நாள் காத்திருந்தால் வந்திருப்பார். ஆனால் மச்சினன் தொலைபேசியில் அழைத்து, "வேற ஆள் எதுக்கு அத்தான்? நீங்களே வாங்க" என்றான். இவரும் கிளம்பிப் போனார். போகும்போது தப்பு என்று தெரியும். ஆனாலும் கூப்பிடுவது நம்ம பையன், போய்த்தான் பார்ப்போமே என்று தோன்றியது.

காலி மனையில் மரத்தைச் சுற்றி வட்டமாகப் புது மண். ஒரு சாண் உயரத்துக்கு நன்றாகக் கெட்டிப்படுத்தி, மேலே பூச்செடிகள் நட்டிருந்தது. நட்டு ஒரு வாரம்கூட இருக்காது. செடிகள் இன்னும் வாடலிலிருந்து தேறவில்லை.

"சும்மா கிடக்கிற இடம்தானே, நாலு செடியாவது இருக்கட்டும்னு" என்றான் மச்சினன்.

அவர் பையைத் தோளிலிருந்து இறக்கினார். அந்தச் சின்னக் கரண்டி உள்ளே இருந்தது. கை அதன்மேல் படவும் செய்தது.

"அத்தான், ஒண்ணு சொல்லட்டுமா?" அவன் குரல் தணிந்தது. "அக்கா பிள்ளைங்க தூங்கற மரம். இதை நான் வெட்டுவேனா? ஆனா என் இடத்துல நிக்கிற என் மரத்துல யாரோ வந்து ஆணி அடிச்சு நம்பர் மாட்டினா, என்னை ஒரு திருடனா நினைச்சுக் காவல் போட்ட மாதிரி இருக்கு. நீங்களே சொல்வீங்க இல்ல, வெட்டாதவனுக்குச் சட்டம் எதுக்குன்னு? வேற யாரும் நம்பலைன்னா பரவாயில்லை. நீங்களும் நம்பலைன்னா..."

கண் கலங்கியது அவனுக்கு. நிஜமாகவே கலங்கியது. கெட்டிக்காரன்.

பொத்தான் கரண்டியை விட்டுவிட்டு நாடாவை எடுத்தார். மண்மேட்டில் ஏறினார். செடிகளை மிதிக்காமல் பார்த்துப் பார்த்துக் கால் வைத்தார். மரத்தின் முன்னால் நிமிர்ந்து நின்றார். சிவப்புப் பொத்தான் கவட்டைக்கு மேலே ஏழெட்டு விரல் உயரத்தில் இருந்தது. ஆக, இரண்டு மரம். ஒரு தண்டு நூற்று முப்பத்தெட்டு, இன்னொன்று நூற்று இருபத்தேழு. பதிவேட்டில் அப்படியே எழுதினார். ஒரு பொய்யும் எழுதவில்லையே, நாடா காட்டியதைத்தானே எழுதினேன் என்று தனக்குத்தானே சொல்லிக்கொண்டார். பழைய தரையில் நின்றால் கவட்டை பொத்தானுக்கு நாலு விரல் மேலே போய்விடும், அடிமரம் இருநூறைத் தாண்டும், நம்பர் விழும் என்பது அவருக்குத் தெரியாதா? பிறந்ததிலிருந்து பார்க்கிற முகம் மாதிரி அந்த மரம் அவருக்குப் பழக்கம். தெரியும், ஆனாலும் செய்தார். அந்த ஒரு நிமிஷம் பின்கட்டுக் கதவின் கொக்கி அவர் நினைவுக்கு வரவில்லை.

சாயங்காலம் அவர் தட்டின் முன் உட்கார்ந்ததும் மனைவி கேட்டாள்.

"நம்ம மரத்துக்கு நம்பர் போட்டாச்சா?"

"ஆச்சு" என்றார். வாயில் சோறு இருந்தது.

அந்த ஒரு வார்த்தையோடு அவள் கவலையை இறக்கி வைத்துவிட்டாள். தகரத்தைத் தெருவைப் பார்த்த பக்கம் அடிப்பார்கள், சுவருக்கு இந்தப் பக்கத்திலிருந்து தெரியாது என்பதால் எட்டிப் பார்க்கவும் இல்லை. பிள்ளைகளைக் கொண்டுவந்து விடும் தாய்மார்களிடமெல்லாம், "இனிமே பயமில்லைம்மா, நம்ம மரத்துக்கு நம்பர் விழுந்தாச்சு" என்று சொல்லிக்கொண்டிருந்தாள். அதைக் கேட்கும்போதெல்லாம் அவர் சட்டென்று செய்தித்தாளை எடுத்து முகத்துக்கு நேரே பிடித்துக்கொள்வார். மச்சினன் ஞாயிற்றுக்கிழமைகளில் வந்து சாப்பிட்டுவிட்டுப் போனான். நாலு மாதம் இப்படியே ஓடியது.

ஒரு புதன்கிழமை காலை பத்தரை மணிக்கு அலுவலகத்தில் அவர் கைப்பேசி அடித்தது. மனைவி. பின்னால் ரம்பத்தின் இரைச்சல். அதற்கும் பின்னால் பிள்ளைகளின் அழுகை.

"வெட்டறாங்க! மரத்தை வெட்டறாங்க! நான் கத்தறேன், கேட்க மாட்டேங்கறாங்க. நம்பர் போட்ட மரம்னு சொல்றேன். விதிப் புத்தகத்தை எடுத்துக்கிட்டு உடனே வாங்க!"

அவர் எதையும் எடுக்கவில்லை. அப்படியே ஓடிவந்து ஆட்டோ பிடித்தார்.

அவர் போய்ச் சேர்ந்தபோது கவட்டையின் ஒரு தண்டு தரையில் கிடந்தது. பெரிய தண்டு, நூற்று முப்பத்தெட்டு. இலையும் கிளையுமாகக் காலி மனை முழுவதையும் அடைத்துக்கொண்டு கிடந்தது. தகரக் கூரையின் மேல் பளீரென்று வெயில். மனைவி பின்கட்டில் ஒரு முக்காலியைப் போட்டு ஏறி, சுவருக்கு மேலே தலை தெரிய நின்றுகொண்டிருந்தாள். தொண்டை கட்டிப்போயிருந்தது. ரம்பக்காரர் மர நிழலில், அதாவது மிச்சமிருந்த நிழலில், ரம்பத்தைக் கீழே வைத்துவிட்டு வேர்வை துடைத்துக்கொண்டிருந்தார். மச்சினன் கையில் ஒரு காகிதம்.

"வந்துட்டாரு. அக்கா, இப்போ அத்தான்கிட்டயே கேளு" என்றான் அவன். குரலில் ஒரு பதற்றமும் இல்லை.

"நம்பர் எங்கடா? நம்பரைப் பிடுங்கி எறிஞ்சுட்டியா?" என்றாள் அவள்.

"நம்பரே போடலை அக்கா. இதோ பாரு." காகிதத்தைச் சுவருக்கு மேலே நீட்டினான். பதிவேட்டின் நகல். அலுவலக முத்திரையோடு வாங்கியிருந்தான். வாங்கிய தேதி பத்து நாளுக்கு முந்தையது. நகல் கொடுக்கும் சன்னலிலிருந்து மூன்றாவது மேசை அத்தானுடையது. அன்று அவர் தலை நிமிர்ந்திருந்தால் மச்சினனின் முகத்தைப் பார்த்திருப்பார்.

அவள் படித்தாள். முப்பது வருடமாகத் தெரிந்த கையெழுத்து. நூற்று முப்பத்தெட்டு, நூற்று இருபத்தேழு. பாதுகாப்பு தேவையில்லை. கீழே அவர் ஒப்பம். இரண்டாம் தடவை படித்தாள். பிறகு தலையை மெல்ல உயர்த்திக் கணவரைப் பார்த்தாள். அவர் அவள் முகத்தைப் பார்க்காமல் தரையைப் பார்த்தார்.

"மாப்ளே, வெட்ட மாட்டேன்னு சொன்னியேடா" என்றார். அந்தக் குரல் அவருக்கே கேட்டிருக்காது.

"அப்போ சொன்னேன் அத்தான். இப்போ மனைக்கு ஆள் வந்திருக்காங்க. நம்பர் இல்லாத இடம்தான் வேணும், மரமும் இருக்கக் கூடாதுங்கறாங்க. நான் என்ன பண்றது? நேத்து வந்த பேச்சு."

ரம்பக்காரருக்கு இந்தக் குடும்பத்து நெளிவு சுளிவு எதுவும் தெரியாது. நடுவில் புகுந்து நல்லது செய்வதாக நினைத்துக்கொண்டார்.

"நேத்து எங்கீங்க? கோடையிலேயே என்னைக் கூப்பிட்டு விலை பேசியாச்சு. கணக்கெடுப்பு முடியட்டும், அப்புறம் வெட்டலாம்னு சொன்னாரு. இந்த மண்ணுகூட நம்ம வண்டியிலதான் வந்து இறங்குச்சு. மரம் வெட்டப்போற இடத்துல எதுக்குங்க பூச்செடின்னு நான்கூடக் கேட்டேன்" என்றார்.

பின்கட்டில் ஒரு குழந்தை விக்கி விக்கி அழுதது.

கோடை. அப்படியென்றால் ஞாயிற்றுக்கிழமைச் சந்தேகங்கள் எல்லாம் அதற்குப் பிறகு. கவட்டையைப் பற்றிக் கேட்டதும், தரை எந்தத் தரை என்று கேட்டதும், கண் கலங்கியதும் எல்லாம் விலை பேசி முடித்த பிறகு. தன் வீட்டுச் சோற்றைத் தின்றுகொண்டே தன் வாயாலேயே வழியைக் கேட்டுத் தெரிந்துகொண்டிருக்கிறான். பொத்தான் கையை ஓங்கிக்கொண்டு போனார்.

"வேணும்னே மண்ணைக் கொட்டினியாடா? என்னை ஏமாத்தவா?"

மச்சினன் பின்வாங்கவில்லை.

"மண்ணைக் கொட்டினது நான்தான். அதுமேல ஏறி நின்னது யாரு அத்தான்?"

ஓங்கிய கை இறங்கிவிட்டது. இருபத்தேழு வருடத்தில் அவரை இவ்வளவு சரியாக யாரும் அளந்ததில்லை.

"அண்ணே, மீதியை முடிங்க" என்று மச்சினன் ரம்பக்காரருக்குச் சைகை காட்டினான்.

பொத்தான் மரத்தின் முன்னால் போய் உட்கார்ந்தார். பையைத் திறந்து கரண்டியை எடுத்துப் பூச்செடிகளைப் பிடுங்கி எறிந்தார். நாலு மாதத்துக்கு முன் செய்திருக்க வேண்டியதை, மண்டியிட்டு, மூச்சு வாங்க வாங்கச் செய்தார். ஒரு சாண் மண்ணுக்கு அடியில் பழைய தரை வந்தது. கறுத்து இறுகிய, காய்ந்த இலைகள் அமுங்கிய தரை. அதில் செருப்பை வைத்து நிமிர்ந்து நின்றார். கவட்டை பொத்தானுக்கு மேலே இருந்தது. நாடாவைச் சுற்றினார். இருநூற்றுப் பதினான்கு.

"ரம்பத்தைத் தொடாதீங்க. இது ஒரே மரம்" என்றார்.

"பதிவேட்டுல அப்படி இல்லையே அத்தான்" என்றான் மச்சினன்.

"பதிவேடு தப்பு. நான் தப்பா எழுதினேன்."

அதிகாரியை அழைத்து அதையே தொலைபேசியிலும் சொன்னார். தெரிந்தே தப்பாக அளந்தேன், உறவுக்காரன் மனை என்று தெரிந்தே போனேன், உடனே வாருங்கள் என்றார். மச்சினன் முதல் முறையாக முகம் வெளுத்து, "அத்தான், உங்க வேலை போயிடும், யோசிச்சுப் பேசுங்க" என்று அவர் கையைப் பிடித்தான். அத்தானின் வேலைமேல் அவனுக்கு எவ்வளவு அக்கறை! அவர் கையை உதறினார்.

அதிகாரி மதியமே வந்தார். நடுத்தர வயதுப் பெண், அதிகம் பேசாதவர். தானே அளந்து பார்த்தார். நின்றிருந்த தண்டுக்குக் கீழே அடிமரத்தில், தெருவைப் பார்த்த பக்கத்தில், தகரம் அடிக்கப்பட்டது. வெட்டியதற்கு மச்சினன்மேல் வழக்கு. மனை வாங்க வந்தவர்கள் கேள்விப்பட்டதும் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை. பொத்தானுக்கு அங்கேயே தற்காலிகப் பணி நீக்கக் கடிதம் எழுதப்பட்டது.

"ஒரு மரம்தானேம்மா, மத்தது எல்லாம்..." என்று அவர் ஏதோ சொல்ல வந்தார்.

"மத்தது எல்லாம் சரிதான்னு இனி நான் எப்படி நம்பறது?" என்றார் அதிகாரி. கோபமாகச் சொல்லவில்லை, நிஜமாகவே கேட்டார். "நீங்க அளந்த எல்லா மரத்தையும் மறுபடி அளக்கணும். சட்டம் வேணுமா வேணாமான்னு ஊர்ல இன்னும் சண்டை போட்டுக்கிட்டு இருக்காங்க. நீங்க இருக்கிற வரைக்கும் அது இருந்தும் என்ன பிரயோஜனம்?"

அவர் கடிதத்தை மடித்துச் சட்டைப் பையில் வைத்துக்கொண்டார்.

மாலையில் பிள்ளைகளைக் கூட்டிப்போக வந்த தாய்மார்கள் கூரையைப் பார்த்தார்கள், டீச்சரம்மாவைப் பார்த்தார்கள். நாலு பேர் நாளையிலிருந்து வரமாட்டோம் என்று தயங்கித் தயங்கிச் சொல்லிவிட்டுப் போனார்கள். நம்பர் விழுந்தது என்று நீங்கள்தானே சொன்னீர்கள் என்று ஒருத்தி கேட்டாள். ஆமாம், சொன்னேன் என்றாள் அவள்.

கடைசிக் குழந்தையும் போன பிறகு அவர் பின்கட்டுக்கு வந்து படியில் உட்கார்ந்தார். சுவருக்கு மேலே பாதி மரம் நின்றது. வெளிச்சம் மங்கவும் அது வழக்கம்போல இலைகளை மூடிக்கொள்ள ஆரம்பித்தது. ஒன்றும் நடக்காத மாதிரி. அவருக்கு அழுகை வந்தது. பெற்ற பிள்ளைபோல வளர்த்தவன் கழுத்தை அறுத்துவிட்டானே என்று வாய்விட்டுப் புலம்பினார். சாப்பிட்ட தட்டில் குழி பறித்தானே என்றார். ஆனாலும் கடைசியில் உண்மையைச் சொல்லி, வேலையைக் கொடுத்துப் பாதி மரத்தையாவது நிறுத்திவிட்டோம், அது அவளுக்குப் புரியும் என்று உள்ளுக்குள் ஒரு மூலையில் எதிர்பார்த்துக்கொண்டும் இருந்தார்.

அவள் கேட்டுக்கொண்டே அறையைக் கூட்டி, பாய்களைச் சுருட்டி வைத்தாள். பிறகு உள்ளே போய் அலமாரியிலிருந்து அவர் சட்டைகள் அத்தனையையும் அள்ளிக்கொண்டு வந்து, கத்தரிக்கோலோடு எதிரே உட்கார்ந்தாள்.

"என் தம்பி ஏமாத்துவான்னு எனக்குத் தெரியும். தெரிஞ்சுதான் நம்பர் போடச் சொன்னேன்" என்றாள். "உங்களுக்கு ஒரு நம்பர் போடணும்னு எனக்குத் தோணவே இல்லை."

முதல் சட்டையை எடுத்து மடியில் விரித்தாள். சிவப்புப் பொத்தானின் நூலைக் கத்தரித்தாள். பொத்தான் தரையில் விழுந்து உருண்டது. அதை அவள் எடுக்கவில்லை. அடுத்த சட்டையை எடுத்தாள். அவர் பார்த்துக்கொண்டே இருந்தார். ஒன்பது சட்டை. பிறகு அவர் போட்டிருந்த சட்டைக்கும் கை நீட்டினாள். அவரும் நெஞ்சைக் காட்டிக்கொண்டு உட்கார்ந்தார்.

அந்தப் பொத்தானும் தரையில் விழுந்ததும் அவர், "எல்லாத்துலயும் எடுத்தாச்சா?" என்று கேட்டார்.

"ஆச்சு" என்றாள் அவள்.